65 பாக்கெட்டில் நின்ற இலக்கு: தொழில் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து 11 கடைகளுக்குப் போடுகிறேன். ஒரே வருஷத்தில் தினம் 150 பாக்கெட் என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். 14 மாதம் ஆகிவிட்டது, இன்னும் 65-லேயே நிற்கிறது. ஒரு கிலோ பாக்கெட்டைக் கடைக்கு 36 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். தினமும் ஆறேழு பாக்கெட் திரும்பி வரும். முன்பெல்லாம் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுவேன். இப்போது கிரைண்டரைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது. பழைய ஊக்கம் எப்படித் திரும்பும்?
வாசகி, மதுரை

பதில்: ஊக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கண் நின்றது "ஆறேழு பாக்கெட் திரும்பி வரும்" என்ற வரியில். அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அலுப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். விலைகளை உங்கள் கடைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இட்லி அரிசி கிலோ 42, உளுந்து கிலோ 130 என்று வைத்தால், ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, வெந்தயம், உப்பு எல்லாம் சேர்த்து 77 ரூபாய். அதில் மாவு 3.2 கிலோ காணும். ஆக ஒரு கிலோ மாவுக்குப் பொருள் செலவு 24 ரூபாய். கவருக்கும் கரண்டுக்கும் 2.50 சேர்த்தால் 26.50. கடையில் 36 வாங்கினால் பாக்கெட்டுக்கு 9.50 நிற்கும். திரும்பி வரும் பாக்கெட்டில் 26.50 முழுவதும் போய்விடும். அதாவது ஒரு ரிட்டர்ன், விற்ற மூன்று பாக்கெட்டின் லாபத்தை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது.

நீங்கள் 65 அனுப்பி 7 திரும்பினால், 58 விற்றதில் 551 ரூபாய் வருகிறது, திரும்பியதில் 185.50 போகிறது. மிச்சம் 365.50. அதே நாளில் 58 மட்டும் அனுப்பி 2 திரும்பியிருந்தால், 532-இல் 53 போக 479 கிடைத்திருக்கும். ஏழு பாக்கெட் குறைவாக அரைத்து 113 ரூபாய் அதிகம். மாதத்துக்கு 3,400 ரூபாயைத் தொடும். இரண்டு கணக்கிலும் பெட்ரோலைச் சேர்க்கவில்லை.

சுவரில் இருக்கும் 150 "அனுப்பிய பாக்கெட்" கணக்கு. அதைத் துரத்தும்போது கடைக்காரர் வேண்டாம் என்றாலும் "இரண்டு சேர்த்து வைங்கண்ணே" என்று வைத்துவிட்டு வருவோம். மறுநாள் அது புளித்துத் திரும்பும். உழைப்பு கூடும், கையில் காசு கூடாது. இதை மனசு கணக்குப் போடாமலே கண்டுபிடித்துவிடும். உங்களைக் கிரைண்டரிடமிருந்து தள்ளி நிறுத்துவது சோம்பல் என்று நினைக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் கடைவாரியாக எழுதுங்கள்: வைத்தது, விற்றது, திரும்பியது. ரிட்டர்ன் எல்லாக் கடையிலிருந்தும் சமமாக வராது. பெரும்பாலும் இரண்டு மூன்று கடைதான் அதில் முக்கால் பங்கைக் கொடுக்கும். அங்கே போடுவதைக் குறையுங்கள். காலையில் கடை திறந்ததும் போய் அந்தக் கடை ஃபிரிட்ஜில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இல்லையென்றால், ராத்திரி கடை அடைக்கும்போது ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுகிறார்கள் என்று பொருள். அந்தக் கடைக்குக் காலையில் மட்டும் போடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கடை மேல் மட்டும் பழி போட முடியாது. பாக்கெட் உப்பிப் போவதற்கு நம் பக்கத்திலும் காரணம் உண்டு. பொங்கி முடிந்த மாவைக் கட்டி அனுப்பினால் அதற்கு ஆயுள் குறைவு. அரைத்த கையோடு கட்டி உடனே குளிரில் வைத்துவிட்டால், வாங்கியவர் வீட்டில் வெளியே எடுத்துவைத்துப் புளிக்கவைத்துக்கொள்வார். இதை ஒரு வரியில் கவரிலேயே அச்சடித்துவிடுங்கள். கவரில் கால் பங்காவது காலியாக விடுங்கள். கிரைண்டரிலிருந்து எடுக்கும்போதே மாவு கையில் சூடாகத் தெரிந்தால் புளிப்பு முந்திக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் தெளித்து அரைப்பது இதற்காகத்தான்.

இனி 150-க்கு வருவோம். 11 கடையில் 65 என்றால் கடைக்கு ஆறு பாக்கெட். ஒரு தெருமுனைக் கடையில் அது நல்ல விற்பனைதான். அதே கடைகளை வைத்துக்கொண்டு 150 என்றால் கடைக்கு 13, 14 ஆகும். அந்தத் தெருவில் அத்தனை வீடு மாவு வாங்க வேண்டும். 150-க்கு உங்களுக்கு 25 கடை வேண்டும். கடைகளின் எண்ணிக்கை மாறாதபோது பாக்கெட் எண்ணிக்கை எப்படி மாறும்?

ஆகவே சுவரில் இருப்பதைக் கிழித்துவிட்டு ஒரு மாத நாள்காட்டியை மாட்டுங்கள். தினமும் கட்டத்தில் இரண்டே எண்: விற்றது, திரும்பியது. செவ்வாய், வியாழன் மதியம் மூன்று மணிக்குக் கடைகளில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் நாளுக்கு மூன்று புதுக் கடை ஏறி இறங்குங்கள், கையில் இரண்டு மாதிரிப் பாக்கெட்டோடு. ஏறிய கடைக்கு ஒரு சுழி போடுங்கள். அவர் வாங்கினாரா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். வாங்குவது அவர் கையில் இருக்கிறது, ஏறிப் போய்க் கேட்பது உங்கள் கையில் இருக்கிறது. வாரத்துக்கு ஆறு சுழி விழுந்துவிட்டால் அந்த வார வேலையை முடித்துவிட்டீர்கள்.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தெரசா அமாபிலியும் அவருடைய குழுவினரும் ஏழு நிறுவனங்களில் வேலை செய்த 238 பேரிடமிருந்து ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை வாங்கிப் படித்தார்கள். மனசு நிறைவாக இருந்த நாட்களில் அதிகம் காணப்பட்டது சம்பளமோ பாராட்டோ அல்ல. செய்கிற வேலை அன்று ஒரு அடியாவது நகர்ந்திருந்தது என்பதுதான். அந்த அடி கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் இந்தச் சுழி.

இன்னொன்று. 14 மாதத்தில் எத்தனை நாள் லீவு எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நோட்டைப் பார்த்து வாரத்தில் விற்பனை குறைந்த நாளைக் கண்டுபிடித்து, அன்று மாவு கிடையாது என்று கடைகளில் சொல்லிவிடுங்கள். மாவுக்காரர் யாரும் இதைச் செய்யத் துணிவதில்லை. ஆனால் முதல்நாளே கூடுதலாக இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு. கேட்டுப் பாருங்கள்.


கேள்வி: ஆறு பவர் தையல் மிஷினும் இரண்டு ஓவர்லாக்கும் வைத்து ஜாப் ஒர்க் (மற்ற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்கிறேன். வேலைக்குக் குறைவில்லை, ராத்திரி 9 வரை ஓடுகிறது. இன்னும் நாலு மிஷின் போட வேண்டும் என்ற திட்டம் இரண்டு தீபாவளி தாண்டிவிட்டது. நாலு பார்ட்டியிடம் 3.8 லட்சம் நிற்கிறது. கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். கேட்கவே கூச்சமாகிவிட்டது. எதற்கு ஓட வேண்டும் என்று தோன்றுகிறது.
வாசகர், திருப்பூர்

பதில்: நாலு மிஷினுக்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டீர்கள். அது வேறொருவர் கணக்கில் இருக்கிறது. திட்டம் தோற்றதாக எண்ண வேண்டாம். மிஷினைச் சில மாதம் மறந்துவிட்டுப் பாக்கியின் வயதை இலக்காக வையுங்கள்.

ஒரு தாளில் நாலு பத்தி: 30 நாளுக்குள், 31 முதல் 45, 46 முதல் 90, 90-க்கு மேல். ஒவ்வொரு பில்லும் எந்தப் பத்தியில் விழுகிறது என்று எழுதினால், 3.8 லட்சம் என்ற ஒரே பெரிய பாறை பத்துப் பதினைந்து கற்களாகிவிடும். அவற்றில் எது கனமானது என்றும் தெரியும். கடைசி இரண்டு பத்திகளின் கூட்டுத்தொகை மாதாமாதம் இறங்க வேண்டும். உங்கள் முன்னேற்றத்தை அந்த ஒரு எண்ணில் பாருங்கள்.

சனிக்கிழமை சம்பளம் போடும் ஊர் இது. வெள்ளிக்கிழமை போன் செய்தால் எல்லோரும் கை விரிப்பார்கள். புதன்கிழமை காலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "பணம் எப்பண்ணே வரும்" என்று கேட்காமல், "இன்ன தேதி இன்ன நம்பர் பில், 42,000, வர்ற சனிக்கிழமையா, அடுத்த புதனா" என்று தேதியைக் கேளுங்கள். சொன்ன தேதியை அவர் காதில் விழும்படி திருப்பிச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். கூச்சம் பாதி போய்விடும். பணத்தைக் கெஞ்சிக் கேட்பதும் தேதியை உறுதி செய்வதும் வெவ்வேறு பேச்சு.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அந்த எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். ஆனால் இங்கே பலர் கோட்டைவிடுவது டெலிவரி சலானில், அதாவது சரக்கை ஒப்படைத்ததற்கான சீட்டில். கையெழுத்தும் தேதியும் இல்லாத சலானை வைத்துக்கொண்டு நாள் எண்ண முடியாது. சரக்கில் குறை என்றால் பார்ட்டி 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து "தையல் சரியில்லை" என்று வாயால் சொல்லும் பேச்சை அந்தச் சலான்தான் நிறுத்தும்.

வழக்கு, வசதி மன்றம் (இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) என்று போவது கடைசி வழி. ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டியை இழக்க யாருக்கும் மனம் வராது. அதற்கு முன் மென்மையான ஒரு வழி உண்டு. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த மாற்றத்தின்படி, கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-க்குப் பின்னும் நின்றால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது, வரி கூடும். பிப்ரவரி கடைசியில் அவருடைய ஆடிட்டரே இதைப் பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பாக்கிப் பட்டியலை உத்யம் எண்ணோடு அனுப்பி வையுங்கள்.

90 நாள் பத்தியில் இருக்கும் பார்ட்டிக்கு, பாதிப் பாக்கி வந்த பிறகே அடுத்த லாட் என்று நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரம் இரண்டு மிஷின் சும்மா நிற்கலாம். நிற்கட்டும்.


கேள்வி: தினமும் காலையில் ஊக்கப் பேச்சு வீடியோ பார்க்கிறேன். ஒரு மணி நேரம் வேகம் இருக்கிறது, பிறகு வடிந்துவிடுகிறது. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: 21 நாள் என்பதை நம்பி 22-ஆம் நாள் மனமுடைந்து போகாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

வீடியோவுக்குப் பதிலாக, ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றின் வாலில் வேலையைக் கட்டுங்கள். "ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும், கூடத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திறந்து இன்றைய வரவை எழுதுவேன்." நேரம், இடம், செயல் மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும். "இனிமேல் ஒழுங்காகக் கணக்கு எழுதுவேன்" என்பதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை, செயலும் தெளிவாக இல்லை.


கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். மாதம் 500 லிட்டர் இலக்கு. 290 லிட்டர் போகிறது, அதுவும் ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் இறங்குகிறது. என்னோடு ஆரம்பித்த சித்தப்பா மகன் கோவையில் மூன்று கடை திறந்துவிட்டார். அண்ணன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தால் அன்று முழுக்க வேலை ஓடாது.
வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: அண்ணனின் மூன்று கடை வாசலும் உங்களுக்குத் தெரிகிறது. அவருடைய வாடகையும் தவணையும் கடன் பாக்கியும் தெரிவதில்லை. பாதிக் கணக்கை வைத்து உங்கள் முழுக் கணக்கோடு ஒப்பிடுகிறீர்கள். ஸ்டேட்டஸை மியூட் செய்வதில் பாசம் குறையாது.

ஒப்பிட வேண்டியது உங்களோடு உங்களையே, அதிலும் கவனம் வேண்டும். எண்ணெய் வியாபாரத்தில் ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டால் மனசு கெடும், ஏனென்றால் தீபாவளிப் பலகாரம் முழுவதையும் மாற்றிவிடும். "போன வருஷ அக்டோபர், இந்த வருஷ அக்டோபர்" என்று பார்த்தாலும் ஏமாறுவீர்கள். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் மறுபடி நவம்பர் 8. அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அதை முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு வையுங்கள். ரூபாயில் பார்க்க வேண்டாம், லிட்டரில் பாருங்கள். நிலக்கடலை விலை ஏறிய வருஷம் ரூபாய் வளர்ந்ததாகக் காட்டும், ஆனால் போன எண்ணெய் குறைந்திருக்கும்.

500 லிட்டரை வீடுகளாக மாற்றுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் என்று கொண்டால் 200 வீடு. இன்று உங்களிடம் ஏறக்குறைய 116 வீடு இருக்கிறது. இன்னும் 84 வீடு என்பது 210 லிட்டர் என்பதைவிடக் கைக்கு எட்டுவதாக இருக்கும், ஏனென்றால் வீட்டுக்கு முகம் உண்டு. நோட்டில் வீடுவாரியாகக் கடைசியாக வாங்கிய தேதியை எழுதுங்கள். 25-ஆம் நாள் "எண்ணெய் இருக்குங்களா, ஆட்டி வைக்கட்டுங்களா" என்று ஒரு போன். 45 நாளாகியும் வராத வீட்டைத் தனியாகக் குறித்து ஏன் என்று கேளுங்கள். புது வீடு பிடிப்பதைவிட, நின்றுபோன வீட்டைத் திரும்ப அழைப்பது சுலபம்.

மாதக் கடைசியில் ஒன்றை மட்டும் தவறாமல் பாருங்கள்: 10 கிலோ பருப்புக்கு எத்தனை லிட்டர் கண்டது. நிலக்கடலையில் 4 லிட்டரை ஒட்டி வர வேண்டும். 3.6-க்கு இறங்கிவிட்டால் பருப்பு காயவில்லை அல்லது முதிராத பருப்பு வந்திருக்கிறது. விற்பனை இறங்கியதைவிட இது ஆபத்து, வெளியே தெரியாமல் லாபம் புண்ணாக்கோடு போய்விடும்.


கேள்வி: சிறுதானிய முறுக்கு, தட்டை போடுகிறேன். மூன்று வருஷம். மாத விற்பனை ஆறு மாதமாக 52,000-ஐத் தாண்டவில்லை. பொருள் 24,000, பேக்கிங் 5,000, கடைக் கமிஷன், போக்குவரத்து 9,000. வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் 20,000. சேமிப்பில் 1.8 லட்சம் மிச்சம். வீட்டுச் செலவுக்கும் அதிலிருந்து மாதம் 15,000 எடுக்கிறோம். வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள், நண்பர்கள் விட்டுவிடாதே என்கிறார்கள்.
வாசகர், சேலம்

பதில்: இரு தரப்பும் அன்பால் சொல்கிறார்கள், இரு தரப்பிடமும் உங்கள் கணக்கு இல்லை. இவ்வளவு தெளிவாக எழுதிய உங்களிடம் இருக்கிறது.

52,000-இல் பொருள், பேக்கிங், கமிஷன் போக 14,000 நிற்கிறது. நிலையான செலவு 20,000. மாதம் 6,000 பள்ளம், வீட்டுக்கு 15,000, ஆக 21,000. இருப்பு எட்டரை மாதம் தாங்கும். 100 ரூபாய் விற்றால் 27 ரூபாய் நிற்கிறது என்றால், நஷ்டமில்லாமல் ஓட 74,000-க்கு மேல் விற்க வேண்டும். உங்கள் வீட்டுச் செலவு 15,000-ஐயும் தொழிலே தர வேண்டுமென்றால் 1,30,000. ஆறு மாதமாக நகராத எண் இரண்டரை மடங்காக வேண்டும். இன்னும் கடினமாக உழைத்தால் இது நடக்கும் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உழைப்பில் குறை வைத்ததால் வந்த நிலை அல்ல இது.

ஆனால் அந்த 27-ஐ மாற்றலாம். கமிஷனும் போக்குவரத்தும் 9,000 என்பது அதிகம். தூரத்துக் கடைகளை விட்டு, பக்கத்து அலுவலகம், பள்ளி, கல்யாண வீட்டு ஆர்டர் என்று நேர் விற்பனைக்குத் திரும்பி, அதே 52,000 விற்பனையில் இதை 4,000 ஆக்கினால் 19,000 நிற்கும். 100-க்கு 36 ரூபாய் 50 காசு. அப்போது நஷ்டமில்லா விற்பனை 55,000-க்கு வந்துவிடும், அது எட்டக்கூடிய தூரம். உங்கள் 15,000-ஐயும் சேர்த்தாலும் 96,000.

இதற்கு மூன்று மாதம் கொடுங்கள். இன்றே ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வீட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். மூன்றாம் மாத முடிவில் 100 ரூபாய்க்கு நிற்பது 33-க்குக் கீழே இருந்தாலோ, கையிருப்பு 1,10,000-ஐத் தொட்டாலோ வாடகை இடத்தைக் காலி செய்வது என்று. இப்போதே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நாள் வரும்போது மூன்று வருஷம் போட்ட காசும் உழைப்பும் கண்முன் நின்று "இன்னும் ஒரு மாதம்" என்று சொல்லும். போட்ட பணம் நிறுத்தினாலும் வராது, தொடர்ந்தாலும் வராது. முடிவு இனிப் போடப் போகும் பணத்தைப் பற்றியது.

காலி செய்ய நேர்ந்தால் முறுக்கு மிஷினை அவசரத்தில் பாதி விலைக்குத் தள்ளாதீர்கள். முதலில் வாடகை அட்வான்ஸைத் திருப்பி வாங்கும் தேதியை வீட்டுக்காரரிடம் எழுத்தில் பெறுங்கள். மாவு, எண்ணெய்க் கடைப் பாக்கியை அதில் தீருங்கள். மிஷின் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும். தீபாவளிக்கு ஆர்டரின் பேரில் மட்டும் போடும் வேலைக்கு வாடகையும் தேவையில்லை, மாதச் சம்பள ஆளும் தேவையில்லை.